பன்னீராயிரமும் பத்தும்

விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து வீடு திரும்பிய ஒரு சித்திரை மாத மாலையில் இப்பேச்சு தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்த என் மகள் கணினித் திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்கும் நீர்ப்பரப்பு. அதன் நடுவே தென்னைகள் மட்டுமே தெரியும் ஒரு மணல் திட்டு. "அப்பா, இது மாலத்தீவு இல்ல. நம்ம நாடுதான், இலட்சத்தீவு. இந்த லீவுக்கு இங்க போலாமா?" என்றாள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று சுற்றிச் சலித்த குடும்பம் எங்களுடையது. கடற்பயணம் என்றதும் மறுப்பாள் என்று நான் நினைத்த என் மனைவியும் மறுக்கவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் பயண ஏற்பாடுகள் செய்து தரும் நண்பரிடம் விசாரித்தேன். "கொச்சியிலேர்ந்து கப்பல் சார். அஞ்சு நாள்ல மூணு தீவு கவர் பண்ணிடலாம். ராத்திரி கப்பல்ல தூக்கம், பகல்ல ஒவ்வொரு தீவா இறங்கிப் பாக்க வேண்டியதுதான். பெர்மிட்டுக்கு மட்டும் கொஞ்சம் அலையணும்" என்றார். மொத்தம் எத்தனை தீவுகள் என்று கேட்டேன். "பேர்லயே இருக்கே சார், லட்சம்!" என்று சிரித்தார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆயினும் அந்த எண் வீடு வரைக்கும் என்னுடன் வந்தது. காரணம், பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நான் சொல்லிவரும் இன்னோர் எண். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியை நடத்தும்போது, அவன் வென்ற நாடுகளின் பட்டியலில் இறுதியாக வருவது கடல் நடுவே உள்ள பழந்தீவுகள்; அவற்றின் தொகை பன்னீராயிரம். அந்த இடம் வரும்போது என் குரல் சற்றே உயரும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவன், "ஐயா, பன்னீராயிரத்தையும் எண்ணிப் பார்த்தாங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன். விடுமுறைக்குத் திட்டமிடப் போய், விடை சொல்லாமல் விட்ட அந்தக் கேள்வியிடமே மீண்டும் வந்து நிற்கிறேன்.

எண்களின் கதை

இராசராசன் ஆட்சி 985 முதல் 1014 வரை. தீவுகளை வென்ற செய்தி அவனது ஆட்சியின் பிற்காலக் கல்வெட்டுகளில்தான் இடம்பெறுகிறது. அத்தீவுகள் மாலத்தீவுகளே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அதற்கு வடக்கே உள்ள இலட்சத்தீவுக் கூட்டமும் அதனுள் அடங்கியிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். எவ்வாறாயினும், பன்னீராயிரம் என்பது சோழர் எண்ணிக் கண்ட தொகையன்று. 1602-இல் மாலத்தீவுக் கரையில் கப்பல் உடைந்து, அங்கே ஐந்தாண்டுகள் சிறையிருந்தவர்போல் வாழ நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், அந்நாட்டு மன்னர் தம்மைப் பதின்மூன்று மாகாணங்களுக்கும் பன்னீராயிரம் தீவுகளுக்கும் சுல்தான் என்று அழைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். சோழன் கல்வெட்டுக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே எண். அந்தக் கடலைப் பற்றிப் பேசுவோர் வாயில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய வழக்கெண் அது எனலாம். நம் மெய்க்கீர்த்திப் புலவர் அதனைத் தாமே புனைந்திருக்க வேண்டியதில்லை. மாலுமிகளிடம் கேட்டதை எழுதியிருக்கக்கூடும்.

இராசராசன் மறைந்து ஏறக்குறையப் பதினாறு ஆண்டுகள் கழித்து, இந்தியாவைப் பற்றித் தம் பெருநூலை எழுதிய அல்பிரூனி, இந்தத் தீவுகளை எண்ணிக்கையால் அன்றி விளைபொருளால் பிரித்தார். ஒரு கூட்டம் சோழித் தீவுகள். மற்றொன்று கயிற்றுத் தீவுகள். கப்பற் பலகைகளை ஆணியின்றித் தைத்துப் பிணைக்கும் தென்னங்கயிறு கிடைக்குமிடம் என்பதே இரண்டாவதற்குப் பெயர்க்காரணம். இக்கயிற்றுத் தீவுகளையே இலட்சத்தீவு என்பர். அதற்கும் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய எரித்திரியக் கடற்பயண நூல், தமிழகக் கரையை அடுத்த தீவுகளில் கிடைக்கும் ஆமையோட்டை மேலைத் துறைமுகங்களின் ஏற்றுமதிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆமையோடு, சோழி, கயிறு. கரையிலிருந்து பார்த்தவர்கள் தீவுக்குக் கொடுத்த பெயர்களெல்லாம் தீவிலிருந்து எடுத்து வந்தவற்றின் பெயர்களாகவே இருக்கின்றன.

இனி இன்றைய கணக்கு. இலட்சத்தீவுகள் முப்பத்தாறு என்பது பாடநூல்களில் உள்ள எண். அவற்றுள் பங்காரம் அருகே இருந்த பறளி என்னும் சிறுதிட்டு ஒன்று கடலரிப்பால் முற்றிலும் மறைந்துவிட்டது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. நிலையாக மக்கள் வாழ்வன பத்து: கவரத்தி, அகத்தி, அமினி, ஆந்த்ரோத், கல்பேனி, கட்மத், கில்தான், சேத்லத், பித்ரா, மினிக்காய். எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 64,473 பேர். பித்ராவில் மட்டும் 271 பேர். ஆக, இலட்சம் என்று பெயர். பன்னீராயிரம் என்று புகழ். பத்து என்று வாழ்க்கை.

பத்து ஏன் பதினொன்றாகவில்லை?

இத்தீவுகள் மலையின் உச்சியோ நிலத்தின் துண்டோ அல்ல. கடலுக்கடியில் அமிழ்ந்துபோன மேடுகளின்மேல், பவளப் பூச்சிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கட்டிய சுண்ணாம்புச் சுவர்கள். சுவர் ஓரிடத்தில் நீர்மட்டத்துக்கு மேல் எழுந்து மணல் சேர்ந்தால் அது தீவு. சுவருக்கும் தீவுக்கும் இடையே தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரே என் மகள் காட்டிய அந்தப் பச்சை. ஆறு கிடையாது, குன்று கிடையாது. பெரும்பாலான இடங்கள் கடல்மட்டத்துக்கு மேல் நான்கைந்து மீட்டர் உயரத்தைத் தாண்டுவதில்லை.

குடிநீர் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து மட்டுமே. மழைநீர் பவள மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆழமில்லாத கிணறு வெட்டி அளவோடு இறைத்தால் இனிக்கும். பேராசைப்பட்டு இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. எத்தனை பேர் வாழலாம் என்பதை முடிவு செய்வது இந்தப் படலத்தின் பருமன்தான். பல திட்டுகளில் தென்னை வைத்தார்கள், தேங்காய் பறிக்கப் போய்வந்தார்கள், குடியேறவில்லை.

இந்த நீர்க்குறையைத் தீர்க்கச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் ஓர் ஆலையை அமைத்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்கும் முறை அது. நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர். 2011-இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இத்தகைய ஆலைகள் வந்தன. பின்னர் வேறு தீவுகளுக்கும் விரிந்தன. ஆயினும் விடுதியில் தங்கி இருமுறை குளித்து நீச்சலுடையையும் அலசும் ஒரு விருந்தினர், அங்குள்ள குடும்பத்தின் பங்கில்தான் கைவைக்கிறார் என்பது மாறிவிடவில்லை.

கயிறும் அரிசியும்

தீவின் வரலாற்றில் மிக நீண்ட பகுதி கயிற்றின் வரலாறு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியர் இத்தீவுகளுக்கு வந்ததும் கயிற்றுக்காகவே. அமினித் தீவினர் அவர்களுக்கு நஞ்சூட்டிக் கொன்றனர் என்றொரு மரபுக்கதை, அங்குள்ள பாம்புப் பள்ளி என்னும் பள்ளிவாசலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அந்நூற்றாண்டிலேயே வடமலபாரின் கோலத்திரி மன்னர்கள், ஆண்டுத் திறைக்கு ஈடாகத் தீவுகளைக் கண்ணூர் அறக்கல் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தனர். அக்குடும்பத்தில் மூத்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் ஆளும் உரிமை உண்டு. ஆண் ஆண்டால் அலி ராஜா. பெண் ஆண்டால் அறக்கல் பீவி.

அவர்கள் தீவுகளுக்குக் காரியக்காரர்களை அனுப்பினர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கயிறு முழுவதும் அரசின் தனியுரிமையாயிற்று. முறை எளிது. தேங்காய் மட்டையைக் காயலோரக் குழிகளில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, தடியால் அடித்து, நாரைப் பிரித்து, தொடையில் வைத்துத் திரிப்பவர்கள் தீவுப் பெண்கள். திரித்த கயிற்றை ஓடங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகிறவர்கள் ஆண்கள். கரையில் அதனை வாங்கும் உரிமை ஒருவருக்கே. விலையும் அவர் வைத்ததே. விலையாகக் கிடைப்பது காசன்று, அரிசி. நெல் விளையாத மணலில் வாழ்வோருக்கு அரிசியைக் கொடுத்துக் கயிற்றை வாங்கும்போது பேரம் பேச இடமேது? தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குமுன் ஓடம் அரிசியோடு திரும்பியாக வேண்டும். திரும்பாவிடில் கடல் அடங்கும்வரை தேங்காயும் மீனும்தான்.

ஆள் குடியிருந்து பயிரிடாத நிலங்களையும் அரசு தன்னுடையதாக அறிவித்தது. அந்நிலங்களுக்குப் பெயர் பண்டாரம். நம் கோயிற் கல்வெட்டுகளில் கருவூலத்தைக் குறிக்கும் அதே சொல்தான். தஞ்சைக் கல்வெட்டில் அச்சொல்லைப் படிக்கும்போது பொன்னும் மணியும் கண்முன் வரும். தீவில் அச்சொல்லுக்கு, என் பாட்டன் நட்ட தென்னை எனக்கில்லை என்று பொருள். பண்டார நிலங்களின் உரிமை பற்றிய சச்சரவு இந்நூற்றாண்டிலும் ஓயவில்லை. 2024-இலும் நீதிமன்றம் வரை சென்றது.

தீவினர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1780-களில் அமினி மக்கள் காரியக்காரரின் கொடுமைக்கு எதிராக எழுந்து, திப்பு சுல்தானிடம் முறையிட்டனர். அவர் அறக்கல் பீவிக்கு நண்பர். ஆயினும் முறையீட்டைக் கேட்டு, பீவிக்குக் கரையில் வேறு நிலம் கொடுத்து, 1787-இல் அமினி, கட்மத், கில்தான், சேத்லத், பித்ரா ஆகிய ஐந்தையும் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டார். பெரிய படை எதுவும் நகரவில்லை. சில ஓடங்களில் சென்ற சில மனிதர்கள் தங்கள் அரசரை மாற்றிக்கொண்டு திரும்பினர். மெய்க்கீர்த்திகளில் இடம்பெறாத வகை வெற்றி இது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் இவ்வைந்தும் கும்பினியார் கைக்குப் போய், மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கன்னட மாவட்டத்தோடு இணைந்தன. காரியக்காரர் இருந்த இடத்துக்கு மணியக்காரர் வந்தார். கயிற்றுக்கு அரிசி என்னும் முறை அப்படியே தொடர்ந்தது.

கல்பேனியின் கணக்கு

தெற்கே இருந்த தீவுகள் அறக்கல் குடும்பத்திடமே இருந்தன. 1847 ஏப்ரலில் ஒரு பெரும்புயல் கல்பேனியையும் ஆந்த்ரோத்தையும் தாக்கியது. கடல் தீவின்மேல் ஏறிக் கடந்து சென்றது. மறு ஆண்டு மலபார் நிருவாகத்தைச் சேர்ந்த வில்லியம் ராபின்சன் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய அறிக்கையில் கல்பேனியின் கணக்கு இருக்கிறது. புயலுக்கு முன் மக்கள் 1642. புயலில் மூழ்கியோரும் அடித்துச் செல்லப்பட்டோரும் 246. அடுத்த ஐந்து மாதங்களில் பசியாலும் நோயாலும் இறந்தோர் 112. கரைக்குத் தப்பிச் சென்றோர் 376. தீவில் எஞ்சியோர் 908.

இக்கணக்கைக் கண்ட இரவு நான் வெகுநேரம் உறங்கவில்லை. கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. பன்னீராயிரம் என்பது யாரும் கூட்டிப் பார்க்க முடியாத எண். 246, 112, 376, 908 என்பவை கூட்டிப் பார்க்க முடிகிற எண்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். புயலில் இறந்தவர்களைவிடப் புயலுக்குப் பின் பசித்து இறந்த அந்த நூற்றுப் பன்னிரண்டு பேர்தான் என்னை மிகவும் வருத்தினர். கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது, தென்னைகள் விழுந்துவிட்டன, தென்னை இல்லையேல் கயிறில்லை, கயிறில்லையேல் அரிசியில்லை. சில வாரங்களில் பருவக்காற்றும் தொடங்கிவிடும். தீவின் வாழ்வு முழுவதையும் ஒரே பொருளில் கட்டிவைத்த பண்டாரக் கணக்கின் மறுபக்கம்தான் இந்த 112.

அறக்கல் குடும்பத்தாருக்குக் கும்பினிக்குச் செலுத்த வேண்டிய திறை நிலுவை ஏறிக்கொண்டே போனது. நிலுவையைக் காரணம் காட்டித் தீவுகளின் நிருவாகத்தை ஆங்கிலேயர் 1850-களில் ஒருமுறையும் 1875-இல் மறுமுறையும் எடுத்துக்கொண்டனர். 1908-09ஆம் ஆண்டுகளில், ஆண்டுக்கு 23,000 ரூபாய் பெற்றுக்கொள்ளும் உடன்பாட்டின்பேரில் குடும்பத்தார் உரிமையை முழுவதுமாக விட்டுக்கொடுத்தனர். அவ்வுடன்பாட்டில் தீவினரைக் கேட்டார்களா என்று வினவுவது வீண்.

சென்னையின் மறந்துபோன தீவுகள்

நம்மில் பலர் நினைவில் இல்லாத செய்தி ஒன்று. 1956 அக்டோபர் இறுதிவரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. அமினித் தீவுகள் தென்கன்னட மாவட்டத்திலும் ஏனையவை மலபார் மாவட்டத்திலும் இருந்தன. அதாவது, கோட்டையிலிருந்து அவற்றை ஆண்டவர்கள் நாமும் கூடத்தான். அக்காலத்தில் அவற்றைப் பற்றித் தமிழில் என்ன எழுதப்பட்டது என்று எங்கள் கல்லூரி நூலகத்தில் இரண்டு நாள் தேடினேன். ஒரு பக்கம்கூடக் கைக்குக் கிட்டவில்லை. 1956 நவம்பர் 1-இல் ஒன்றிய ஆட்சிப் பகுதியாயின. தலைமையிடம் 1964 வரை கோழிக்கோட்டிலேயே இருந்து பின்னர் கவரத்திக்கு மாறியது. 1973 நவம்பர் 1-இல் இலட்சத்தீவு என்னும் பெயர் முறைப்படி சூட்டப்பட்டது.

இடையில், 1967-இல் வந்ததுதான் நண்பர் அலைய வேண்டும் என்று சொன்ன அந்த அனுமதிச் சீட்டு. தீவில் பிறவாதவர் அங்கே நுழையவும் தங்கவும் முன் அனுமதி பெற வேண்டும் என்னும் விதி. தீவு மக்கள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டவர்கள். வெளியார் அங்கே நிலம் வாங்க முடியாதபடி காப்பும் உண்டு. விண்ணப்பத்தை முதலில் பார்த்தபோது எனக்கும் எரிச்சல்தான் வந்தது. நம் நாட்டுக்குள் செல்லக் காவல்நிலையச் சான்று எதற்கு என்று கேட்டேன். கல்பேனியின் கணக்கைப் படித்தபின் அந்த எரிச்சல் போய்விட்டது. ஆமையோட்டுக்கும் கயிற்றுக்கும் திறைக்குமாக வந்தவர் எவரும் தீவினரிடம் அனுமதி கேட்கவில்லை. முதன்முறையாகக் கேட்கவேண்டியவர்கள் நாம்.

2024 ஜனவரியில் பிரதமரின் வருகைக்குப் பின் இலட்சத்தீவைப் பற்றிய தேடல் நாடெங்கும் பெருகியது. வருமானம் தேவைப்படும் மக்களுக்குச் சுற்றுலா கைகொடுக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. தீவு இளைஞர்களுக்கும் வேலை வேண்டும். ஆனால் முன்பு கயிறு ஒன்றையே நம்பியதுபோல இப்போது விருந்தினர் ஒருவரையே நம்பும்படி ஆகிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கு வரலாறு இடம் தருகிறது. கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்துச் சாகும் நிகழ்வு அங்கே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் நேர்ந்தது. பவளச் சுவர் தளர்ந்தால் அலையைத் தடுப்பது எது? 2017-இல் ஒக்கிப் புயல் குமரிக் கரையில் நம் மீனவர்களைக் கொண்டுபோன பின், கல்பேனியையும் மினிக்காயையும் அடைந்தது என்பதை நாம் மறந்திருக்க முடியாது.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்போ போக வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அப்படியன்று. படத்தில் இல்லாதவை அங்கே பல உண்டு.

முழுவதும் இசுலாமியரான அச்சமூகத்தில் தாய்வழி உரிமை வாழ்கிறது. தாய்வழியாக வரும் தறவாட்டுச் சொத்துக்கு வெள்ளியாழ்ச்ச சொத்து என்றும், ஒருவர் தாமே ஈட்டியதற்குத் திங்களாழ்ச்ச சொத்து என்றும் பெயர். இரண்டு கிழமைகளுக்குள் ஒரு சட்டநூலையே அடக்கிவிட்டார்கள். கல்பேனியில் தங்கி ஆராய்ந்த லீலா துபே 1969-இல் இதுபற்றி வெளியிட்ட நூல் மானிடவியலார் இன்றும் எடுத்துப் பேசும் ஒன்று. ஓடங்களைச் செலுத்தியவர்களுக்கு அங்கே மால்மி என்று பெயர். நம் மாலுமியும் அந்த மால்மியும் அரபுச் சொல் ஒன்றின் பிள்ளைகள். விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு வழி காணும் முறைகளை அவர்கள் ரஹ்மானி என்னும் கையேடுகளில் எழுதி வைத்திருந்தனர்.

தென்கோடியில் உள்ள மினிக்காய் முற்றிலும் வேறு. ஏனைத் தீவுகளில் பேசப்படுவது பழைய வடிவங்கள் பலவற்றைக் காத்துவரும் மலையாளக் கிளைமொழியான ஜெசரி. மினிக்காயில் பேசப்படுவதோ மாலத்தீவு மொழியின் கிளையான மஹல். வலமிருந்து இடமாக எழுதப்படும் அதன் எழுத்துகளில் முதல் ஒன்பதும் அரபு எண்களிலிருந்து உருவானவை. அடுத்த ஒன்பதும் பழைய உள்நாட்டு எண்களிலிருந்து உருவானவை. எண்களை எழுத்தாக்கிக்கொண்ட மக்கள். கரையிலுள்ள நாம் அவர்களையே எண்களாக்கினோம்! தூத்துக்குடிக் கடைகளிலும் யாழ்ப்பாணத்துச் சமையலறைகளிலும் மணக்கும் மாசி அந்தக் கடற்பகுதியின் சூரைமீன்தான். தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்து, அவித்து, புகையூட்டி, உலர்த்தி எடுப்பது. அத்தூண்டிலுக்கு வேண்டிய சிறுமீன் இரை பவளச் சுவருக்கு உட்பட்ட அந்தப் பச்சை நீரில்தான் கிடைக்கிறது. 1885-இல் ஆங்கிலேயர் எழுப்பிய கலங்கரை விளக்கமும் அங்கே இன்றும் நிற்கிறது.

எங்கள் திட்டம்

ஆகவே நண்பர் சொன்ன மூன்று தீவுத் திட்டத்தைக் கைவிட்டோம். புதிய திட்டம் இது. கோடை விடுமுறையின் இறுதியில் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்வதற்கேற்ற காலமன்று. அக்டோபருக்கும் மே நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட காலமே பொருத்தம். எனவே பொங்கல் விடுமுறையை ஒட்டிச் செல்வது என முடிவு செய்தோம். 1988-இல் திறந்த அகத்தி விமானநிலையத்துக்குக் கொச்சியிலிருந்து ஒன்றரை மணிநேரத்தில் பறந்துவிடலாம். ஆயினும் ஓர் இரவு முழுதும் கப்பலில் செல்வதையே தேர்ந்தோம். அரிசி ஓடம் எவ்வளவு தொலைவைக் கடந்தது என்பதை உடம்பால் அறிய வேண்டும் என்பது என் ஆசை. கப்பல் கட்டணம் குறைவு என்பது என் மனைவியின் கணக்கு. பல தீவுகளில் கப்பல் பவளச் சுவருக்கு வெளியே நின்றுவிடும். அங்கிருந்து சிறு படகில் இறங்கித்தான் கரைசேர வேண்டும். வயதானவர்களை அழைத்துச் செல்வோர் இதை நினைவில் கொள்ளவேண்டும். அனுமதிக்குரிய விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுவன. கொச்சியில் உள்ள தீவு நிருவாக அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பயணச்சீட்டு எடுப்பது நலம்.

செல்வது கல்பேனிக்கு. அத்தீவின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் பவளக் கற்கள் பெருங்குவியலாக ஒதுங்கிக் கிடக்கின்றன. 1847 புயல் கொணர்ந்து போட்டவை என்று தீவினர் சொல்வர். அதன் காயலில் திலாக்கம், பிட்டி, செறியம் என்னும் ஆளில்லாத் திட்டுகளும் உண்டு. என் மகள் காட்டிய பச்சை நீர் அங்கேயும் இருக்கிறது; அவள் நீந்தட்டும். நான் அந்தக் கற்குவியலின்மேல் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பேன். கொண்டுசெல்லும் நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவருவது, குளியலை ஒருவேளையோடு நிறுத்துவது, பவளத் துண்டையோ சங்கையோ கையோடு எடுத்துவராமலிருப்பது ஆகிய மூன்றும் வீட்டில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானங்கள். மூன்றாவதற்கு மகள் சற்றே முகம் சுளித்தாள்.

"அஞ்சு நாள்ல ஒரே ஒரு தீவா?" என்று நண்பர் நம்பமுடியாமல் கேட்டார். ஆம் என்றேன்.

வரும் ஆண்டும் மெய்க்கீர்த்தியை நடத்துவேன். அதன் நடையழகும் சோழர் கடற்படையின் ஆற்றலும் மாணவர்கள் அறியவேண்டியவையே. ஆனால் பன்னீராயிரம் என்னும் இடம் வரும்போது குரலை உயர்த்தமாட்டேன். கரும்பலகையில் 1642 என்று எழுதி, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்து 908 வரை வருவேன். கடைசி இருக்கையில் கேள்வி கேட்ட அந்த மாணவன் இப்போது எங்கோ வேலையில் இருப்பான். அவனுக்குத் தர வேண்டிய விடையைப் புதிய மாணவர்களுக்காவது தந்துவிடலாம்.

விண்ணப்பம் அனுப்பிவிட்டோம். அனுமதிச் சீட்டு இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.